காயலான் கடைக்குத் தப்பிய லாம்பிரட்டா

ஸ்கூட்டர் என்றால் இன்றைய கல்லூரி மாணவருக்கு ஞாபகம் வருவது ஆக்டிவா. பட்டனை அமுக்கினால் கிளம்பும், கியர் கிடையாது, கவலை கிடையாது. அப்பாமார்களுக்கு அது பஜாஜ் சேத்தக். ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, நாலு உதை உதைத்தால்தான் மனசு வைக்கும். தாத்தாமார்களுக்கோ லாம்பிரட்டா. கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை பக்கம் ஏதாவது பழைய வீட்டின் பின்கட்டில், சாக்கு போர்த்தி, பருத்திமார் கட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு வண்டி நின்றால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அதை எடைக்குப் போட்டு இரும்பு விலை வாங்குவதா, பிரித்து மாட்டி ஓட்டுவதா என்பதுதான் கேள்வி.

ஓட்டலாம். ஐம்பது வருட வண்டியை வீட்டு முற்றத்திலேயே, சாதாரண ஸ்பேனர் செட்டும் இரண்டு மூன்று விசேஷ டூல்ஸும் வைத்து, முழுசாகப் பிரித்து மறுபடி கட்டிவிட முடியும். ஐந்து வருட மொபைல் போனை அப்படிச் செய்ய முடியாது! இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அந்தக் கால எஞ்சினியர்கள் மகா மேதைகள் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்தான். உண்மைக் காரணம் கொஞ்சம் கசப்பானது. பற்றாக்குறை.

கதை இத்தாலியில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அங்கே ஆலைகள் குண்டு விழுந்து கிடந்தன, சாலைகள் பள்ளம், மக்கள் கையில் காசு இல்லை. விமானம் செய்துகொண்டிருந்த பியாஜியோ நிறுவனம் 1946-ல் வெஸ்பாவைக் கொண்டுவந்தது. இரும்புக் குழாய் வியாபாரத்தில் பெரிய ஆளான ஃபெர்டினாண்டோ இன்னொசென்டி, மிலன் நகரத்தின் லாம்பிராத்தே பகுதியிலிருந்த தன் ஆலையில் 1947-ல் லாம்பிரட்டாவைக் கொண்டுவந்தார். இரண்டுக்கும் இடையே ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. வெஸ்பாவின் உடம்பு முழுவதும் மடக்கிய தகடு. தகடுதான் அதன் எலும்பும் தோலும். லாம்பிரட்டாவுக்கு நடுவில் குழாய் ஒன்று முதுகெலும்பு மாதிரி ஓடும், தகடுகள் அதன்மேல் போர்த்திய சட்டை மட்டுமே. குழாய் வியாபாரி வேறு எப்படிச் செய்வார்?

வீட்டில் பழுது பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் மிக முக்கியம். வெஸ்பா வகை வண்டியில் தளத்தகடு துருப்பிடித்துப் போனால் வண்டியின் பலமே போச்சு, வெல்டிங் தெரிந்தவர் கை வேண்டும். லாம்பிரட்டாவில் பக்கத் தகடுகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எலும்புக்கூட்டை மட்டும் நிறுத்திக்கொண்டு வேலை பார்க்கலாம். எஞ்சினும் வண்டியின் நடுக்கோட்டில் படுத்திருக்கும். வெஸ்பாவிலும் பின்னாளைய பஜாஜிலும் எஞ்சின் வலது பக்கம் தொங்குவதால், பாரம் எப்போதும் ஒரு பக்கமாக இழுக்கும்.

சரி, மிலனில் பிறந்தது கரிசல் காட்டுக்கு எப்படி வந்தது?

1949-ல் பிரிட்டனின் ரூட்ஸ் குழுமம் பம்பாயில் ஆட்டோமொபைல் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனத்தை ஆரம்பித்தது. சுருக்கமாக ஏ.பி.ஐ. 1955-ல் அதை வாங்கியவர் ஒரு தமிழர், எம்.ஏ. சிதம்பரம். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தின் பெயர்ப்பலகையில் இருக்கிறாரே, அவரேதான். செட்டிநாட்டு ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன். இன்னொசென்டியிடம் லைசென்ஸ் வாங்கி, முதலில் வெளிநாட்டு உதிரிபாகங்களைப் பூட்டியும், பிறகு இங்கேயே தயாரித்தும் ஏ.பி.ஐ. லாம்பிரட்டாவை விற்றது. பம்பாய், அவுரங்காபாத் தவிர சென்னைக்குப் பக்கத்தில் எண்ணூரிலும் அதற்கு ஆலை இருந்தது. பதிவு அலுவலகமும் பிற்பாடு சென்னைக்கே வந்து சேர்ந்தது. ஆக, லாம்பிரட்டாவைப் பாதி மெட்ராஸ்காரன் என்று சொல்வதில் தப்பில்லை.

ஏ.பி.ஐ.யின் வண்டிகளில் அதிகம் ஓடியது எல்.ஐ. 150, இரண்டாம் சீரிஸ். இதை இத்தாலியில் 1959-ல் கொண்டுவந்தார்கள். இரண்டே வருடத்தில், 1961-ல், இது பழசு என்று நிறுத்திவிட்டு மூன்றாம் சீரிஸுக்குப் போய்விட்டார்கள். இந்தியாவில்? அதே அடிப்படை வடிவம் சின்னச் சின்ன மாற்றங்களோடு 1980களின் பிற்பகுதி வரை தயாரானது. மிலனில் இரண்டு வருடம் வாழ்ந்த வண்டி இங்கே கால் நூற்றாண்டு வாழ்ந்திருக்கிறது! நடுவில் 1976 வாக்கில் பெயர் மட்டும் 'லாம்பி' என்று மாறியது. காரணம் சட்டச் சிக்கல். லாம்பிரட்டாவின் உற்பத்தி மிலனில் 1971-ல் நின்றதும், அதன் இயந்திரங்களையும் உரிமையையும் இந்திய அரசே வாங்கி, 1972-ல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனத்தைத் தொடங்கியது. விஜய் சூப்பர் அங்கிருந்து வந்ததுதான். லாம்பிரட்டா என்ற பெயர் அரசாங்கத்துக்குப் போய்விட்டது, ஏ.பி.ஐ.க்கு மிஞ்சியது அதன் செல்லப்பெயர்.

ஏன் மாற்றவில்லை என்றால், மாற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. எவ்வளவு வண்டி செய்யலாம் என்பதை அரசாங்கம் லைசென்ஸ் போட்டு முடிவு செய்த காலம் அது. ஸ்கூட்டர் விநியோகத்துக்கென்றே 1960-ல் ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டார்கள். முன்பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1970களில் பஜாஜுக்கான காத்திருப்பு பத்து வருடம் வரை போனது. அன்னியச் செலாவணியில் பணம் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும் என்று ஒரு குறுக்கு வழியும் இருந்தது, வெளிநாட்டில் மாமா இருந்தவர்கள் பாக்கியவான்கள். மற்றவர்கள், டெலிவரி எடுத்த வண்டியை அன்றைக்கே கூடுதல் விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். வாங்க ஆள் வரிசையில் நிற்கும்போது எந்தக் கம்பெனி புது மாடல் யோசிக்கும்?

போட்டி என்று சொல்ல ஒன்றிரண்டுதான். பஜாஜ் 1959-ல் லைசென்ஸ் பெற்று பியாஜியோவோடு சேர்ந்து வெஸ்பா செய்தது. 1971-ல் அந்த ஒப்பந்தத்தைத் தொடர அரசு அனுமதிக்காததால், அதே வண்டியைத் தன் பெயரில் போட்டு, 1972-ல் சேத்தக்கைக் கொண்டுவந்தது. மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயர். திருவொற்றியூரில் புல்லட் செய்த என்ஃபீல்டும் 1960களில் வில்லியர்ஸ் எஞ்சின் வைத்து 'ஃபேன்டாபுலஸ்' என்று ஒரு ஸ்கூட்டர் விட்டுப் பார்த்தது. பெயரிலிருந்த அற்புதம் விற்பனையில் இல்லை.

இந்தப் பற்றாக்குறையின் விளைவுகள் இரண்டு. ஒன்று, வாங்கியவர் வண்டியைத் தூக்கிப் போடவே மாட்டார். அடுத்தது எப்போது கிடைக்குமோ? ஆகவே பழுது பார்க்கும் தொழில் ஊருக்கு ஊர் வளர்ந்தது. வேப்பமரத்தடி மெக்கானிக் எஞ்சினைச் சத்தத்தை வைத்தே படித்தார். இரண்டு, வடிவம் மாறாததால் 1962 வண்டியின் பாகம் 1982 வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஒரு நாட்டின் பொருளாதாரக் கொள்கைக்குப் பெருமை தரும் விஷயமல்ல இது. ஆனால் இன்று பழைய வண்டியைக் கையில் எடுப்பவருக்கு இதைவிடப் பெரிய சொத்து வேறில்லை.

கோவில்பட்டி வட்டாரத்துக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கரிசல் மண் பசையாகிவிடும். பத்து இஞ்ச் சக்கரம், அதை மூடிய மட்கார்டு, நடுவில் விரல் நுழையும் இடம். காட்டுப் பாதையில் நூறடி போவதற்குள் மண் அப்பிச் சக்கரமே சுற்றாது. அதனால் இங்கே ஸ்கூட்டர் தார்ச்சாலைக்கான வண்டி. கிராமத்துப் பாதைக்கு ஏற்ற வண்டியாக வந்தது 1980-ல் ஓசூரிலிருந்து கிளம்பிய டி.வி.எஸ். 50. உயரமான ஒல்லிச் சக்கரம், தூக்கி நகர்த்தும் அளவு எடை, இரண்டு மூட்டையும் வைக்கலாம். ஸ்கூட்டர் ஓரங்கட்டப்பட்டதில் அதற்கும் பங்குண்டு. 1980களின் நடுவில் ஜப்பான் கூட்டில் வந்த நூறு சி.சி. பைக்குகள் மிச்ச வேலையை முடித்தன. ஒரே ஒரு நன்மை, இங்கே காற்று வறண்ட காற்று. தூத்துக்குடிக் கடற்கரையில் உப்புக்காற்று தகட்டைத் தின்னும் வேகம் இங்கே கிடையாது. இருபது வருடம் கூரைக்குள் நின்ற வண்டியில்கூட பெரும்பாலும் மேல்துருதான் இருக்கும்.

வேலையை எங்கே தொடங்க வேண்டும்? ஸ்பேனரில் அல்ல, ஆர்.சி. புத்தகத்தில். அதிலுள்ள சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் குத்தியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது. ஒத்துப்போகவில்லை என்றால் கடைசியில் பளபளவென்று வீட்டில் நிற்கும் ஒரு பொம்மைதான் மிச்சம்.

அடுத்து, பிரிப்பதற்கு முன் நாலா பக்கமும் படம் எடுக்க வேண்டும், முக்கியமாகக் கேபிள்கள் போகும் வழியை. கியருக்கு மட்டும் இரண்டு கேபிள், கிளட்சுக்கு ஒன்று, முன் பிரேக், ஆக்சிலேட்டர் என்று எல்லாம் ஹேண்டில்பாரிலிருந்து உடம்புக்குள் நுழைந்து போகும். பழைய கேபிளைச் சும்மா உருவிவிட்டால், புதியதைக் கொண்டுபோக அரை நாள் மல்லாட வேண்டும். பழையதன் முனையில் உறுதியான நூலைக் கட்டி இழுத்து, அந்த நூலைக் கொண்டே புதியதை இழுப்பதுதான் மெக்கானிக்குகளின் வழி. ஸ்க்ரூ, வாஷர்களை இடம் எழுதித் தனித்தனி டப்பியில் போட வேண்டும். கோவில்பட்டியில் தீப்பெட்டிக்கா பஞ்சம் :-)

எஞ்சின் பல வருடம் நின்றிருந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகியிருக்கும். கிக்கரில் ஏறிக் குதிப்பது மகா தப்பு. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டால் பெரும்பாலும் இளகும். பிறகு வலது பக்கத்து மேக்னட்டைக் கழற்ற வேண்டும். இதற்குப் புல்லர் என்ற டூல் அவசியம். சுத்தியலால் தட்டியே கழற்றுபவர்கள் உண்டு, அவர்கள் தட்டுவதில் கிராங்க் ஷாஃப்ட்டின் நுனி நசுங்கிய வண்டிகளும் உண்டு. மேக்னட்டுக்கு அடியில்தான் பாயிண்ட்டும் கண்டென்சரும். நின்றுபோன வண்டிகளில் பாதிக்கு நோய் இங்கேதான் இருக்கும்.

வெளியில் தெரியாத இன்னொரு நோய், கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கும் ஆயில் சீல். பத்து, இருபது வருடத்தில் ரப்பர் காய்ந்து விறைத்துவிடும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் கலவை கிராங்க் அறைக்குள் போய்த்தான் சிலிண்டருக்கு ஏறுகிறது. மேக்னட் பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும், கலவை நீர்த்துப்போகும், எஞ்சின் தானாக வேகமெடுத்துக் கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். செயின் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சிக் குடித்து, தெருவே மறையும் அளவுக்குப் புகை விடும். விலை குறைந்த சின்ன ரப்பர் வளையம். பெயிண்டுக்குக் கொட்டிக் கொடுப்பவர்கள் இதை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

சக்கரத்தில் ஒரு எச்சரிக்கை. லாம்பிரட்டா, பஜாஜ் இரண்டிலும் ரிம் என்பது நட்டு போட்டு இறுக்கிய இரண்டு பாதிகள். டயரில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைக் கழற்றினால் ரிம் வெடித்தாற்போல் பிரிந்து முகத்தில் அடிக்கும். முதலில் காற்றை முழுசாக இறக்க வேண்டும். பழைய பிரேக் கட்டைத் தூசியையும் வாயால் ஊதக் கூடாது, அந்தக் காலத்து லைனிங்குகளில் கல்நார் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய முடியாது. சிலிண்டர் போர் பண்ண லேத் பட்டறை, தகட்டின் நெளிவெடுக்க டிங்கரிங் கடை, சீட் தைக்க ரெக்ஸின்காரர் என்று தெருத்தெருவாக அலைய வேண்டும். கோவில்பட்டிக்கு இது புதிதல்ல. குச்சி அடுக்குவது ஒரு வீடு, பெட்டி ஒட்டுவது இன்னொரு வீடு, மருந்து முக்குவது ஆலையில் என்று பல கை சேர்ந்து ஒரு பொருளைச் செய்த ஊர்தானே. உள்ளூரில் கிடைக்காத பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டை. டயர் கவலை இல்லை, லாம்பிரட்டாவுக்கு வேண்டிய அதே 3.50-10 அளவில்தான் சேத்தக்கும் ஓடியது.

இனி மேற்பூச்சு. இதில் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு. 1990களிலிருந்து இந்தியாவின் பழைய வெஸ்பா, லாம்பிரட்டாக்களை வாங்கி, பெயிண்ட் அடித்து, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேற்றும் வியாபாரம் சூடு பிடித்தது. நல்ல வேலை செய்து அனுப்பியவர்களும் இருந்தார்கள். ஆனால் வாங்கிய வெள்ளைக்காரர் சுரண்டிப் பார்த்தபோது பெயிண்டுக்கு அடியில் விரல் தடிமனுக்குப் பட்டி, இரண்டு வண்டியை வெட்டி ஒட்டிய சேஸிஸ், இத்தாலி வண்டி என்று காட்ட ஒட்டிய பேட்ஜ் எல்லாம் வெளிவந்தன. 'இந்தியா ரெஸ்டோரேஷன்' என்பதே அங்கே பழைய ஸ்கூட்டர் பிரியர்கள் மத்தியில் கெட்ட வார்த்தை மாதிரி ஆகிப்போனது. ஒரு வண்டியை நாற்பது வருடம் உயிரோடு வைத்திருந்த அதே ஊர்க் கைகளுக்கு இப்படி ஒரு பெயர் வந்ததுதான் வருத்தம். தேவை மெக்கானிக்கின் சாமர்த்தியத்தை வளர்த்தது, அவசர வியாபாரம் அதே சாமர்த்தியத்தைப் பட்டி பூசி மறைக்கப் பயன்படுத்தியது.

அதனால்தான் வீட்டில் செய்வதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. ஓட்டப்போகிறவரே பிரித்தால், பிரேக் கேபிளில் யாரும் ஏமாற்ற முடியாது. கீறல் உள்ள அசல் பெயிண்டை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே சீலும் கேபிளும் பிரேக்கும் புதிதாகப் போட்ட வண்டிதான், கண்ணைப் பறிக்கும் இரண்டு கலர் வண்டியைவிட நல்ல ரெஸ்டோரேஷன். கல்யாண மண்டப வாசலில் படம் எடுக்க மட்டும் வேண்டும் என்பவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், போகட்டும்.

கட்டி முடித்தபிறகும் இந்தக் காலத்துக்கென்று சில புதுத் தொல்லைகள். முன்பு பெட்ரோல் பங்கிலேயே எண்ணெய் கலந்து ஊற்றுவார்கள், இப்போது டூ-டி ஆயிலை நாமே அளந்து கலக்க வேண்டும். 2023 முதல் பங்குகளுக்கு வந்த இருபது சதவீத எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை உப்ப வைக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதானால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுவது நல்லது.

தயாரித்த கம்பெனிகளிடம் இனி எதுவும் கேட்க முடியாது. ஏ.பி.ஐ. 2002-லிருந்து இயங்கவில்லை. லக்னோ ஆலை 1997-லேயே இருசக்கர வண்டிகளை நிறுத்திவிட்டது, மூன்று சக்கர விக்ரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 2021-ல் மத்திய அமைச்சரவை அந்த நிறுவனத்தையே மூட ஒப்புதல் தந்தது. சேத்தக் என்ற பெயர் மட்டும் பேட்டரி வண்டியாகத் திரும்பி வந்திருக்கிறது, அதில் உதைக்க கிக்கர் இல்லை.

அரசாங்கத்தின் கண்ணில் பழைய வண்டிகளுக்கு ஒரு அந்தஸ்து கிடைத்தது அதே 2021-ல்தான். முதல் பதிவாகி ஐம்பது வருடம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் வைத்திருக்கும் இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிந்துகொள்ளலாம் என ஜூலையில் விதி வந்தது. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு ஓட்டலாமே தவிர, தினசரிப் பயன்பாட்டுக்கு எடுக்கக் கூடாது. கடைத்தெருவுக்குப் போய் வர வேண்டும் என்பவர்கள் பழையபடி எஃப்.சி. காட்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். லாம்பி என்ற பெயரில் 1980-ல் பதிவான வண்டிக்கு அந்த விண்டேஜ் வயது வருவதே 2030-ல்.